பறவை, ஆண், ஒன்று

முதல் கடிதம் மூன்றேகால் மணியைப் பற்றியது.
இரண்டு அடிக்கோடு. பேனா தாளைக் கிழித்திருந்தது.
"பக்கத்து வீட்டுச் சேவல் விடியலுக்குக் கூவவில்லை,
என் தலைக்குக் கூவுகிறது" என்றெழுதி
தனபாலன் படையாச்சி கையெழுத்திட்டிருந்தார்.
சாட்ஸ்வொர்த், ஏழாம் யூனிட்.
அங்கே ஒரே சுவரில் இரண்டு வீடு முதுகு சாய்ந்திருக்கும்.
ஒருவர் இருமினால்
மற்றவர் தண்ணீர் எடுக்கப் போகலாம்.

நான் முத்திரை குத்துகிறவள்.
முதலில் தேதி, பிறகு எண், பிறகு
'இருபத்தொரு நாளில் பதில் வரும்' என்கிற பொய்.
முழுப் பொய்யும் இல்லை.
பதில் வரும்:
உங்கள் புகார் வந்து சேர்ந்தது என்று.

சேவலுக்கும் விதி இருக்கிறது.
கோழி வளர்க்கலாம், எண்ணி.
சேவல் கூடாது.
எழுதியவர் முட்டை வரைக்கும் யோசித்திருக்கிறார்,
குஞ்சு வரைக்கும் போகவில்லை.

ஆய்வாளர் பிரீவன் மூட்லி மூன்று முறை போனார்,
பகல் பதினொரு மணிக்கு.
நகராட்சிக்கு விடிவது அப்போதுதான்.
சத்தம் அளக்கும் கருவியை வேலிக்கு மேல் நீட்டினார்.
சேவல் அதை ஒரு கண்ணால் பார்த்தது.
தலையைத் திருப்பி
மறு கண்ணாலும் பார்த்தது.
அறிக்கையில் இருக்கிறது: 'விலங்கு ஒத்துழைக்கவில்லை.'

நான்காம் முறை வெயில் தாங்காமல் ஒதுங்கினார்.
ஒதுங்கிய நிழல் படையாச்சியின் கார் கொட்டகை.
அண்ணாந்து தகரத்தைப் பார்த்தார்.
வரைபடம் எங்கே, அனுமதி எங்கே?
கொட்டகைக்கு இரண்டாயிரம் ரேண்ட்.
வந்ததற்குச் சேவலுக்கும் ஐந்நூறு.
ஒரே புத்தகத்தில் அடுத்தடுத்த தாள்.
கார்பன் அழுந்தி அவர் பெயர்
அவளுடைய சீட்டிலும் மங்கலாக விழுந்திருந்தது.

ஒரே வெள்ளிக்கிழமை, ஒரே வரிசை.
தோக்கோசீலே ஷாங்கே, பள்ளிக்கூடச் சமையல்காரி,
மார்கரின் டப்பாவில் சில்லறை கொண்டுவந்திருந்தாள்.
அவர் முன்னால், அவள் பின்னால்.
அவர் முறை வந்ததும் மின்சாரம் போயிற்று.
"சிஸ்டம் வரணும் அங்கிள்."
அட்டவணைப்படி இரண்டரை மணி நேரம்.
பெஞ்சு ஒன்றுதான்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பாதிதான் கேட்டது.
அவர் என்னவோ கேட்டார்.
"சொலோமோன்" என்றாள்.
சேவலுக்குப் பெயர் இருப்பது
அவருக்கு அன்றுதான் தெரியும்.
எனக்கும்தான். கோப்பில் அது
'பறவை, ஆண், ஒன்று.'

விளக்கு வந்தது, கட்டினார்கள்.
சேவலை அகற்றப் பதினான்கு நாள்,
கொட்டகையைப் பிரிக்க முப்பது.
வெளியே போகையில் காலி டப்பா அவர் கையில் இருந்தது,
கதவை அவள் தள்ளினாள்.
அதற்குமேல் நான் பார்க்கவில்லை.
அடுத்து நின்றவருக்குக் குழாய்க் கசிவு.

இன்று காலை எட்டரைக்குத் தொலைபேசி.
"கோகி, படையாச்சி பேசுறேன்."
கொட்டகைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கே அங்கிள்.
"அது கெடக்கட்டும். சேவல் கூவல. மூணு நாளாச்சு."
நான் விரல் விட்டு எண்ணினேன்.
கெடு முடிந்தும் நான்கு விடியல் அது கூவியிருக்கிறது,
இவர் எழுதிப் போடவில்லை.
அதுக்குத்தானே அங்கிள் நீங்க புகார்...
"அவ லைட்டும் போடல.
சுவத்துல தட்டிப் பாத்தேன்.
யாரையாவது அனுப்பு."

திரையில் பட்டியல் விரிகிறது:
இரைச்சல், நாற்றம், குப்பை, கசிவு,
மரக்கிளை, கட்டடம்.
'இதர' என்பதை அழுத்தினேன்.
நூற்றைம்பது எழுத்துக்குள் விளக்குக என்றது.
இருபத்தொரு நாள் தானாகவே வந்து உட்கார்ந்தது.

எழுந்து பிரீவனின் மேசைக்குப் போனேன்.
கருவிக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார்.
வண்டிச் சாவி எங்கே என்றேன்.