ஜனவரிக் கூட்டக் குறிப்பு

தீயணைப்பு நிலையத்தின் கீழ்த்தளம்.
இரண்டாம் செவ்வாய், மாலை ஏழு.
உறுப்பினர் முப்பத்தொருவர்,
வந்தவர் ஆறு.
மின்சாரம் வரவில்லை என்பதையும்
வருகைப் பதிவில் சேர்க்கச் சொன்னார் ஆர்டன் கோர்கம்.
சேர்த்தேன்.

ஞாயிறு இரவே வந்துவிட்டது புயல்.
லூனன்பர்க் சாலையில் மூன்று கம்பங்கள்
இன்னும் படுத்துக் கிடக்கின்றன.
மேசைமேல் இரண்டு லாந்தர்,
ஒரு பிளாஸ்க் தேநீர்,
விறகடுப்பில் லீட்டா சுட்டுவந்த
ஓரம் கருகிய இஞ்சி பிஸ்கட்.
கோட்டைக் கழற்றியவர் யாருமில்லை.

முதலில் கணக்கு.
டிசம்பரில் கட்டிய ஃபிர் மாலைகள் நாற்பத்தெட்டு,
விற்றவை நாற்பத்தேழு.
மிஞ்சியது
வெர்னா ஸ்விக்கரின் கார் முகப்பில்
சாலை உப்பு படிந்து
நரைத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்து, பருவத்துக்கான ஆலோசனை.
வேலிச் செடார்களில் பனி ஏறியிருந்தால்
துடைப்பத்தைக் கீழிருந்து மேலாகக் கொண்டுபோங்கள்.
மேலிருந்து அடித்தால் பனியோடு கிளையும் வரும்.
உறைந்த புல்லை மிதிக்காதீர்கள்,
ஒவ்வொரு காலடியையும் வைத்திருந்து
ஏப்ரலில் மஞ்சளாகத் திருப்பித் தரும்.
ஆப்பிள் கன்றுக்குக் கம்பிவலை சுற்றியாயிற்றா?
பனிக்கு அடியில் எலிகளுக்கும் ஒரு கடைத்தெரு உண்டு.
டாலியா கிழங்குகளைத் தொட்டுப் பாருங்கள்:
சுருங்கியிருந்தால் ஒரு கை நீர்,
குழைந்திருந்தால் குப்பை.
இரக்கம் வேண்டாம், பக்கத்துக் கிழங்குக்கும் பரவும்.
கத்தரியை இப்போதே சாணை பிடித்து வையுங்கள்,
கிளையில் வைக்க மார்ச் வரட்டும்.

"பொறுப்பதுதான் பெரும்பாடு" என்றார் ஆர்டன்.
போன பிப்ரவரியில் ஒரே ஒரு வெயில் நாளை நம்பி
ரோஜாக்களை மொட்டையடித்தவர்.
அதையும் எழுதச் சொன்னார்கள்,
மற்ற எல்லோரும்.

பிறகு பீன்ஸ்.

அக்டோபரில் அலமாரி ஒழித்தபோது
ஒரு கடுகுப்பொடி டப்பா அகப்பட்டது.
சீட்டில், 'மாக்கின் வேலியோரம், சிவப்பு, நன்று.'
ஆண்டு இருந்த இடத்தில் ஒரு நீர்க்கறை.
எந்த மாக் என்று தெரியவில்லை.
இந்தக் கரையில் மாக்குகளுக்குப் பஞ்சமில்லை,
வேலிகளுக்கும்.

சங்க விதி:
பத்து விதையை ஈரத் தாளில் சுற்றி வை;
பாதி முளைத்தால் பங்கு போடு,
குறைந்தால் எருக்குழி.
வெர்னா சுற்றி
ஃபிரிட்ஜின் தலைமேல் வைத்திருந்தாள், அங்கே வெதுவெதுப்பு என்று.
ஞாயிறு இரவு ஃபிரிட்ஜ் அடங்கியது,
வீடு சில்லிட்டது.
அந்த நேரத்திலிருந்து இரண்டு நாளாக
பொட்டலம் அவள் ஸ்வெட்டருக்குள்.
தூங்கும்போதும்தானா என்று கேட்டார் ஆர்டன்.
அது கூட்டப் பொருளில் இல்லை என்றாள்.

சுவர்ப்பக்கம் திரும்பி வெளியே எடுத்தாள்.
என் கையில் தந்தபோது
அந்த அறையில் சூடாக இருந்தது அது ஒன்றுதான்,
தேநீர் உட்பட.

லாந்தரை இழுத்துவைத்துப் பிரித்தோம்.
நான்கில் வெள்ளை வால்.
ஐந்து, கல்.
மீதி ஒன்றின் தோல் வெடித்திருந்தது.
விளிம்பில் ஏதோ தெரிந்தது,
முளை என்றால் முளை,
நிழல் என்றால் நிழல்.

அரைமணி நேரம் பேசினோம்.
என் கண்ணாடி கை மாறி கை போனது.
நனைந்து உப்பியது முளைப்பு ஆகாது என்றார் ஆர்டன்.
வெடிக்காமல் எது முளைத்தது என்றாள் லீட்டா.
வாக்கெடுப்பு: மூன்றுக்கு மூன்று.
சமன் உடைக்கத் தலைவர் இல்லை,
அவர் வீட்டு வாசலை
பனி அடைத்திருந்தது.

வெர்னா தாளை மடித்தாள்.
இரண்டு சொட்டுத் தேநீர் விட்டாள்
(சர்க்கரை போடாதது, விசாரித்தோம்).
பொட்டலம் மறுபடி ஸ்வெட்டருக்குள் போனது.

பதிவுக்காக:
முளைத்தவை நான்கு.
ஒன்று ஒத்திவைக்கப்பட்டது.

பிப்ரவரிக் கூட்டத்தில் பனியில் விதைப்பு.
எல்லோரும் காலி பால் கேன் கொண்டுவரவும்.
மூடி வேண்டாம்.