வரவு

கூட்ட நடப்பெண் முப்பது என்கிறது சுற்றறிக்கை.
சனி பின்னேரம் மூன்று மணி, கோண்டாவில் வெயில்,
தகரக் கூரைக்குக் கீழே இருபத்தாறு பேர்.
அதில் ஒருவர் மகளை ரியூசனுக்கு விட்டுவிட்டு
நிழலுக்கு ஒதுங்கியவர்.

நான் பொருளாளர். வர்த்தகம் படிப்பிக்கிறேன்.
ஐந்தொகையின் இரண்டு பக்கமும் சமப்படும் என்று
பத்தாம் வகுப்புக்குச் சத்தியம் செய்துவிட்டு
இந்தக் கொப்பியோடு வந்து இருக்கிறவள்.

நிகழ்ச்சி நிரலில் ஒரே விடயம்:
பெண் பிள்ளைகளின் மலசலகூடத்துக்குத்
தண்ணீர்த் தாங்கி.
பழையது தை மாதத்தில் வெடித்தது.
கோட்டத்துக்கு எழுதினோம்.
கோட்டம் வலயத்துக்கு அனுப்பியது.
வலயம், காணி ஆருடையது,
உறுதியின் பிரதி எங்கே என்று கேட்டது.

தேடிப் பார்த்தால்
கட்டடம் மாகாணத்தினுடையது,
நிலம் பாரிசில் இருக்கிற யாரோ ஒரு பேரனுடையது,
வாசல் வளைவு தொண்ணூற்றோராம் ஆண்டு அணியினுடையது.
கக்கூசுக்கு மட்டும் உரித்தாளர் இல்லை.

தர உள்ளீட்டு நிதி
தலைக்கு இவ்வளவு என்றுதான் வரும்.
தலைகள் குறைகின்றன.
புலமைப்பரிசில் முடிந்த கையோடு
ஒன்பது பேர் பட்டணத்துப் பள்ளிக்கூடங்களுக்கு மாறினார்கள்.
போகிற பிள்ளை
தன் பங்குச் சோக்குக்கட்டியையும் கொண்டுதான் போகிறது,
அதுக்கே தெரியாமல்.
வானில் ஏறிக் கை காட்டியது ஒன்று.
நானும் காட்டினேன்,
மனதுக்குள் கழித்தபடி.

ஸ்காபரோவில் இருந்து காண்டீபன் எடுத்தார்.
அதிபர் ஃபோனை மேசையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினா.
நூற்றாண்டுக்கு ஒரு கிரானைட் கல்,
பெயர்கள் பொன் எழுத்தில், காசு தயார்.
"அதைத் தாங்கிக்குத் தரேலாதோ அண்ணை?"
கனநேரம் ஒன்றும் இல்லை.
லைன் அறுந்ததோ என்று அதிபர் குலுக்கிப் பார்த்தா.
"கக்கூசில எப்பிடி அம்மாவின்ர பேரைப் போடுறது, ரீச்சர்?"

அவரைக் குறை சொல்ல வரவில்லை.
அம்மா இங்கேதான் ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தவ.
அதற்குமேல் படிக்க வைத்திருந்தால்
தாங்கி வாங்கச் சொல்லியிருப்பாவோ என்னவோ.

நாலேகால்.
இருபத்தாறை எத்தனை தரம் எண்ணினாலும் இருபத்தாறு.
அப்போது வாசலில் ஒரு ஓட்டோ.
பொதியிடும் ஆலையின் தொப்பியைக்கூடக் கழற்றாமல்
சுகிர்தமலரும் இன்னும் இரண்டு பேரும் இறங்கினார்கள்.
இருபத்தொன்பது.
அதிபர் ஓட்டோக்காரரைப் பார்த்தா.
"என்ர பெடியன் நாலாம் வகுப்பு, மிஸ்" என்றார் இருதயநாதன்,
ஏதோ குற்றம் செய்தவர்போல.
எஞ்சினை நிற்பாட்டாமல் வந்து
நின்றபடியே கையெழுத்து வைத்தார்.

"ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினேன்.
ஆர் தீர்மானித்தது என்று கேட்காத வாக்கியம்
அலுவலகங்களுக்கு மிகவும் பிடிக்கும்.

ஆவணியில் கறுப்புத் தாங்கி ஏறியது.
மார்கழியில் கணக்காய்வு.
"தண்ணீர்த் தாங்கி எப்பிடிக்
கற்றல் உபகரணத்துக்குள்ள வந்தது?"
வந்தவர் சின்ன வயது, நல்ல பிள்ளை,
தேத்தண்ணிகூட வேண்டாம் என்றவர்.

ஒன்பதாம் வகுப்பு இடாப்பை விரித்து வைத்தேன்.
மாசி, பங்குனி, வைகாசி:
ஒவ்வொரு பெண் பெயருக்கு நேரேயும்
மாதத்தில் நாலைந்து பூச்சியம்,
அடுத்தடுத்து,
ஆளுக்கு ஒரு கிழமையாக இடம் மாறி.
ஆவணிக்குப் பிறகு கோடு, கோடு, கோடு.

அவர் விரலால் ஒரு வரிசையை மட்டும் தொட்டுக்கொண்டு போனார்.
காது சிவந்தது. அக்கா தங்கச்சி இருக்கும்போல.
"இதுக்கு ஆதாரப் பத்திரம்?" என்றார் மெதுவாக.
இடாப்பை மூடி அட்டையைக் காட்டினேன்.
வரவு என்றுதான் அதிலும் போட்டிருக்கு.

கிரானைட் கல்
கொழும்புத் துறைமுகத்தில்
தீர்வை கட்ட ஆள் இல்லாமல் நிற்கிறதாம்.