ஏகாம்பரகுப்பத்தில் கம்பளி

நகரியில் நாற்பத்திரண்டு டிகிரி கொளுத்தும் மே மாதத்தில்
மடியில் கம்பளி உருண்டையோடு உட்கார்ந்திருப்பவளை
என்ன சொல்வார்கள்?
"பைத்தியமா வதினா உனக்கு?" என்றாள் மஸ்தானம்மா.
எங்களுக்குள் அதுதான் முதல் பேச்சு.

திருத்தணியில் ஏறி புத்தூரில் இறங்குவேன்.
அங்கே ஒரு அரிசி மில்லின் கணக்கு என் தலையில்.
பொன்பாடி வருமுன் ஒரு வரி பின்னி முடியும்.
அடுத்த நிலையம் வெங்கடநரசிம்மராஜுவாரிப்பேட்டை.
பலகையை வாசித்து முடிப்பதற்குள்
ஆறு கண்ணி ஏறிவிடும்.
ஆந்திரா எங்கே தொடங்கியது என்று
தண்டவாளம் சொல்வதில்லை,
செல்போன்தான் தெலுங்கில் வணக்கம் வைக்கும்.

அவள் நகரியில் ஏறுவாள்,
தறிக்கூடத்துக் கழிவுத் துணி மூட்டையோடு.
கிலோ முப்பது ரூபாய், நூல் சிக்கல் இலவசம்.
நான் ஒட்டுமெத்தை என்பதை
அவள் பொந்த என்பாள்.
தமிழில் பொந்து என்றால் கிளி குடியிருக்கும் இடம் என்றேன்.
"படுத்துப் பாரு, கிளி மாதிரிதான் இருக்கும்."

ஸ்கேலும் சாக்பீஸும் இல்லாமல் எனக்குத் துணி வெட்ட வராது.
அவள் கண்ணை லேசாகச் சுருக்குவாள், அதுதான் அளவு.
சம்பளம் வந்த ஞாயிறுகளில்
மதனப்பள்ளிக்குப் பஸ் பிடித்தோம்,
பட்டுத் துண்டு பொறுக்க.
பீலேரில் இறங்கி பெசரட்டு தின்றோம்.
திரும்பும்போது ஜன்னல் கம்பியில் அவள் கட்டி விட்ட ஊதா நூல்
சந்திரகிரி வரை படபடத்து வந்தது.

பிறகு அந்த மெத்தை.
நர்ஸ் எஸ்தரின் தங்கைக்குப் பிரசவம்,
பாதி அவள் தைப்பது, பாதி நான்.
அவள் பாதியில் பச்சைக் கட்டம் ஒன்று
சாய்ந்து கிடந்தது, குடித்தவனைப் போல.
ஒரு ராத்திரி உட்கார்ந்து பிரித்தேன்,
நேராக்கித் தைத்தேன்.
நல்லது செய்கிறேன் என்றே நினைத்தேன், சத்தியமாக.

முன்பக்கத்தை அவள் பார்க்கவே இல்லை.
திருப்பிப் போட்டாள்.
மெத்தையின் முதுகு பொய் சொல்லாது.
என் நூலை விரலால் தடவிக்கொண்டே போனாள்,
கடைசி முடிச்சு வரை.
"நீ கை பாகுந்தி வதினா" என்றாள்.
மறுநாள் முதல் வேறு பெட்டி.

ஆனி, ஆடி, ஆவணி.
தட்டுக்கூடையில் கொய்யாக்காய் விற்பவன்கூடக் கேட்டான்,
மூட்டைக்கார அம்மா எங்கே என்று.
எத்தனை பெட்டி தள்ளி என்று எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.

புரட்டாசியில் புத்தூர் நடைமேடையில் வழுக்கி விழுந்தேன்.
மணிக்கட்டு போயிற்று.
எலும்பு முறிந்தால் ஊரெல்லாம் புத்தூருக்கு ஓடிவரும்,
நான் புத்தூரிலேயே முறித்துக்கொண்டேன், ஆட்டோ செலவு மிச்சம்.
மூங்கில் பத்தையும் பச்சிலையும் முட்டை வெள்ளையும் வைத்துக் கட்டினார்கள்.
ஆறு வாரம் ஊசி தொடாதே என்றார்கள்.

பழக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டுதான் போனேன்.
அரை ஸ்வெட்டர் உள்ளே இருந்தது, ஒரு கை இல்லாமல்.
ஏகாம்பரகுப்பத்தில் வண்டி நின்றபோது
பெட்டி மாறி வந்து எதிரே உட்கார்ந்தாள்.
கட்டைப் பார்த்தாள். கொய்யாக்காய் வாங்கினாள்.
பாதியை என் இடது கையில் திணித்தாள்.
பிறகு பையை இழுத்து ஊசிகளை எடுத்தாள்.
பின்னத் தெரியாது அவளுக்கு.

"எட்லா?"
உள்ளே விடு, சுற்று, இழு, நழுவ விடு.
இறுக்கு என்று மட்டும் சொல்லவில்லை.
நாக்கின் நுனிவரை வந்தது,
கொய்யா விதையோடு சேர்த்து விழுங்கினேன்.

வேப்பகுண்டாவுக்கும் தடுக்குவுக்கும் இடையில்
அந்த ஆறு வாரத்தில் பதினோரு வரி பின்னினாள்.
புத்தூர் வந்தும் நான் இறங்காத நாட்கள் அதில் உண்டு,
மில் முதலாளிக்கு அது தெரிய வேண்டாம்.
பதினோரு வரியும் வலைபோல.
விரலை விட்டால் மறுபக்கம் வரும்.

கட்டு அவிழ்த்த பிறகு
மிச்சத்தை நான் முடித்தேன், இறுக்கமாக.
அந்த இடத்தைத் தொடவில்லை.
தொட்டேன். தடவினேன். பிரிக்கவில்லை.

பையனுக்கு ஏழாவது மாதம் ஒருநாள்
எஸ்தர் சொன்னாள்:
"எதுக்குங்க இந்த ஊருக்கு ஸ்வெட்டர்?
குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு.
இடது தோள்கிட்ட மட்டும்
ஒண்ணுமே இல்லை."

மஸ்தானம்மா சிரித்த சிரிப்பில்
மூட்டை உருண்டு
துணியெல்லாம் பெட்டி முழுக்கப் பரவியது.
டிக்கெட் பரிசோதகர் ஒரு சிவப்புத் துண்டை எடுத்து
யாருடையது என்று கேட்டார்.