பதினொரு கட்டில்

மன்னார் பஸ் புறக்கோட்டையில் இறக்கிவிட
காசு கொடுத்து முகம் கழுவினோம்.
விடுதியில் பதினொரு கட்டில்,
விண்ணப்பம் இருநூற்றுச் சொச்சம்.
பம்பலப்பிட்டி வரும்வரை
மழை ஆவி படிந்த பஸ் கண்ணாடியில்
தம்பி அதை வகுத்துக்கொண்டே வந்தான்.
மீதி தீரவில்லை. முழங்கையால் அழித்தான்.

வெட்டுப்புள்ளிக்கு மேலே அவனுக்கு நாலு.
எனக்கு, அந்த வருசம், இரண்டு குறைவு.
அதை அங்கே யாரும் கேட்கவில்லை.

"தனியப் படுப்பீரோ, டிலக்சன்?"
"தெரியாது சேர். இன்னும் படுத்துப் பார்க்கேல்ல."

வீட்டில் ஐந்து பேருக்கு ஒரு மின்விசிறி.

சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்காமல்
தாளில் ஓர் எண் எழுதினார்.

மேசைக்கு இந்தப் பக்கமிருந்து அது ஆறு.
அவருக்கு ஒன்பது.
"பத்துக்கோ அக்கா, நூற்றுக்கோ?" என்றான்
காலி வீதியைக் கடக்கும்போது,
என் கையை விட்டுவிட்டு.