வில்முடிச்சு

அழைப்பிதழின் அடியில் பொடியெழுத்தில் இருந்தது:
உடை, கறுப்பு டை.
கறுப்பு டை என்னிடம் ஒன்று உண்டு,
பழைய மேலாளர் குவா இறந்தபோது வாங்கியது.
அதையே கட்டிக்கொண்டு போயிருப்பேன்.
கோமளவல்லிதான் கைபேசியைத் தடவிவிட்டுச் சொன்னாள்:
"தொங்குறது இல்லீங்க. கழுத்துல உக்காருறது."

கேம்பல் ஸ்ட்ரீட்டில் ஊய் கடை.
வெள்ளை மணப்பெண் கவுன்களை விலக்கினால்
கம்பியில் பதினோரு கறுப்புக் கோட்டுகள்.
ஓர் இரவுக்கு நூற்றிருபது ரிங்கிட்,
கறை பட்டால் தனி.
நாடாவை என் வயிற்றைச் சுற்றி ஓட்டிய ஊய்
எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை.
மரியாதை அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

நின்றால் பொத்தானைப் போடு, உட்கார்ந்தால் அவிழ்.
சட்டைக் கை அரை அங்குலம் வெளியே தெரியட்டும்,
ஓர் அங்குலம் தெரிந்தால் கோட்டு இரவல் என்று அர்த்தம்.
பெல்ட் ஆகாது.
கைக்கடிகாரமும் ஆகாது என்றார்;
விருந்தில் மணி பார்ப்பது
எப்போது விடுவீர்கள் என்று கேட்பதுபோல.
பாயான் லெப்பாஸில் இருபத்தாறு வருஷம்
காலை ஏழுக்கு அட்டை தேய்த்து உள்ளே போனவன் நான்.
கழற்றினேன்.
மணிக்கட்டில் அது இருந்த இடம் மட்டும்
வேறொருவனுடைய நிறம்.

கர்னி டிரைவ் ஹோட்டல், ஆறாம் மாடி.
லிஃப்ட் கதவு திறந்ததுமே தெரிந்துவிட்டது.
முதலாளி பாத்தேக் சட்டையில் நின்றார்,
முழுக்கை, நீலத்தில் செம்பருத்தி.
மற்றவர்களும் பாத்தேக்.
அட்டையின் மறுபக்கத்தில் அனுமதித்திருந்தார்களாம்.
நான் திருப்பிப் பார்க்கவில்லை.
கூடத்தில் கறுப்புக் கோட்டும் கழுத்தில் வில்லுமாக
மொத்தம் பதினைந்து பேர்:
பரிமாறுகிற பதினான்கு பேரும் நானும்.

கோலாலம்பூர் கிளையிலிருந்து வந்த அம்மாள்
பேச்சை நிறுத்தாமல்
காலிக் கோப்பையை என் கையில் வைத்தார்.
வாங்கிக்கொண்டேன்.
கை ஏற்கெனவே நீட்டியபடிதான் இருந்தது,
குலுக்குவதற்கு.

கழிவறைக் கண்ணாடிமுன் முடிச்சு நழுவிற்று.
வீட்டில் கோமளம் காணொளி பார்த்து
நான்கு முறை கட்டி அவிழ்த்துக் கட்டியது.
ஐந்தாவதற்கு நான் மட்டும்.
வில்லைத் தூக்கவும் முடியாமல்
சபையை விட்டுக் கிளம்பிய அரசர்கள்
இப்படித்தான் வியர்த்திருப்பார்கள்.

"கொடுங்க சார்."
தவநேசன் என்றது மார்பில் பெயர்த்தகடு.
பட்டர்வொர்த், பாகான் டாலாம்.
தன்னுடையது கொக்கி மாட்டுவது என்று
இழுத்துக் காட்டினார்; துள்ளிக் கழுத்துக்கே திரும்பியது.
முந்தைய ஹோட்டலில் பியானோக்காரருக்கு
தினமும் கட்டிவிட்டாராம்,
கட்டைகளைத் தொட்டால் மட்டும் நடுங்காத விரல்களாம் அவருக்கு.
"எதிர்ல நின்னா எனக்கு வராது சார், தலைகீழாப் போயிடும்."
பின்னால் வந்து நின்றார்.
என் தோள்களுக்கு மேலாக இரண்டு கைகள்,
சோப்பும் இஞ்சியும் மணக்கும் கைகள்,
தன் கழுத்தில் கட்டுவதுபோல
என் கழுத்தில் கட்டின.
கண்ணாடியில் ஒரே கோட்டு, இரண்டு தலை.
இருவருமே மூச்சை அடக்கியிருந்தோம்.
"கொஞ்சம் கோணலா இருக்கட்டும்,
நேரா இருந்தா கொக்கின்னு நெனச்சிடுவாங்க."
அவர் மணிக்கட்டில் கடிகாரம் இருந்தது.
ஒன்பது நாற்பது.

மேடைக்கு அழைத்தார்கள், நீண்டகாலச் சேவை.
பரஞ்சோதியைப் பாரம் ஜோட்டி என்று படித்தார்கள்.
பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தேன்.
கையில் ஒரு கண்ணாடிப் பலகை,
அதிலும் பெயரில் ஓர் எழுத்து குறைவு.
இறங்கும்போது தவநேசனைத் தேடினேன்.
பதினான்கு முதுகுகள்,
எல்லாம் என் முதுகு மாதிரியே.

கிராப் காரில் வீடு வரும்வரை மழை.
பசி.
இத்தனை தட்டு வைக்கிற விருந்தில்
வயிறு நிறைந்தவன் யார்?
கோமளம் தூங்கிவிட்டாள்.
மூடியைத் திறந்தால் சோறு, நெத்திலிச் சம்பால்.
கறை பட்டால் தனி என்கிறார் ஊய், கடல் பக்கத்திலிருந்து.
சமையலறை நாற்காலியை இழுத்தேன்.
முதலில் பொத்தானை அவிழ்த்தேன்.
பிறகு உட்கார்ந்தேன்.