வில்கன்காடை, நாற்பத்து மூன்று

எங்கள் வீட்டில் ஒரு அறை காலியானது.
பன்னிரண்டு சதுர மீட்டர், வடக்கு பார்த்த ஜன்னல்,
மாதம் நானூற்றுப் பத்து யூரோ,
குளியலறை ஆறு பேருக்கு ஒன்று.
இருநூற்றுப் பதினான்கு பேர் கேட்டு எழுதியிருந்தார்கள்.

குரோனிங்கனில் ஆகஸ்ட் அப்படித்தான்.
பகல் நீளும், அறைகள் சுருங்கும்.
சமையலறை மேசையில் மடிக்கணினியை
ரொட்டிப் பொட்டலத்தில் சாய்த்துவைத்து
ஒருவர் பின் ஒருவராய்ப் பார்த்தோம்,
ஆளுக்குப் பத்து நிமிடம்.
ஃபெம்கே எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டாள்:
நீ பாலாடைக்கட்டியாகப் பிறந்திருந்தால் எந்த வகை?
சிரிக்கவைத்தவருக்குக் கூடுதல் மதிப்பெண்.

குத்தாயிசியிலிருந்து மாக்வாலா வந்தாள்.
அங்கே அப்போது இரவு பதினொன்றரை.
வேலை பார்க்கும் மருந்துக்கடையின் பின்னறை,
முதுகுக்குப் பின்னால் இருமல் மருந்துப் பெட்டிகள்.
'எங்கள் ஊரில் கட்டியை உப்புத் தண்ணீரில் ஊறவைப்போம்' என்றாள்,
வேடிக்கை புரியாமல், அல்லது புரிந்தே.
பிறகு அவள் முறை.
குழாயைத் திறந்து காட்டுங்கள்.
கதவை உள்ளேயிருந்து தாழிடுங்கள், சத்தம் கேட்கட்டும்.
ஜன்னலுக்குக் கீழே என்ன இருக்கிறது?
சந்தைக்கு வந்த மாடு
வாங்க வந்தவனின் பல்லைப் பிடித்துப் பார்த்த மாதிரி
விழித்தோம்.

மூன்றுக்கு இரண்டு.
மூவரில் நானும் ஒருவன்.
இணைப்பு அறுந்து, பாதிச் சொல்லில்
அவள் முகம் திரையில் நின்றுபோயிருந்தபோது
வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றான் யோரிட்.
தூக்கிவிட்டேன்.
அறை, கிட்டார் வைத்திருந்த ஒருவனுக்குப் போனது.

மறுநாள் வருத்தம் தெரிவித்து எழுதினேன்.
உடனே பதில்:
'சரி. நீ அந்த ஊரில் இருக்கிறாய், சைக்கிள் இருக்குமே?'
வில்கன்காடை, நாற்பத்து மூன்று.
மே மாதமே எழுநூறு யூரோ முன்பணம் அனுப்பியிருக்கிறாள்,
மருந்துக்கடையில் இரண்டு மாதச் சம்பளம்.
நீலத் திரைச்சீலை, மரத்தரை, ஒன்பது படங்கள்.
பணம் போன மறுவாரத்திலிருந்து
வீட்டுக்காரரிடமிருந்து பேச்சில்லை.
'வீடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்.'

தூறலில் போனேன்.
முப்பத்தொன்பது. நாற்பத்தொன்று.
நாற்பத்தைந்து.
திரும்பி வந்து, சைக்கிளை நிறுத்தி,
கதவு எண்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன்
ஒன்றாம் வகுப்புப் பையனைப் போல.
நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவே
ஒரு சந்து.
மூன்று குப்பைத்தொட்டி, சக்கரமில்லாத தள்ளுவண்டி,
பெயர் தெரியாத ஒரு முள்செடி.
எங்கள் அறையைவிட அகலம்.

அழைத்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல்
கேமராவைத் திருப்பிப் பிடித்தேன்.
வெகுநேரம் பேச்சில்லை.
திரையில் விழுந்த துளிக்கடியில்
அவள் நெற்றி பெரிதாகி வழிந்தது.
'இன்னும் கொஞ்சம் உள்ளே போ.'
போனேன். சுவர்தான்.
'சரி' என்றாள். நேற்று எழுதிய அதே சரி.

நாற்பத்தொன்றின் கதவு திறந்தது.
கையெல்லாம் வெள்ளைச் சாயத்தோடு ஒருவர்.
'நாற்பத்து மூன்றா? இந்த மாதம் நீ மூன்றாவது ஆள்.
போன வாரம் லாகோஸ் பையன் ஒருவன்
இரண்டு பெட்டியோடு வந்து
அந்தத் தொட்டி மேலேயே உட்கார்ந்திருந்தான்.'

'என்ன சொல்கிறார்?'
சொன்னேன். எதையும் குறைக்கவில்லை.
'கையில் என்ன?'
'சாயம்.'
'எதற்குப் பூசுகிறாராம்?'

கேட்டேன்.
அவர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார்,
துணியில் கையைத் துடைத்தார், ஒவ்வொரு விரலாக.
மாடி அறை, என்றார். மகள் ரோட்டர்டாமுக்குக் குடிபோய்விட்டாள்.
சும்மா கிடக்கிறதே என்று.
வாடகைக்கு விடுவதாக இன்னும் முடிவில்லை, என்றும் சொன்னார்,
ஆனால் கதவைச் சாத்தவில்லை.

நான் இதை எப்படிச் சொல்வதென்று யோசிப்பதற்குள்
மாக்வாலா சொன்னாள்:
'முதலில் குழாயைத் திறந்து காட்டச் சொல்.'