திறப்பு

அலுமாரித் திறப்பைச் சோடா விழுங்கிவிட்டது.
கருவாடு வெட்டிய கையால்
நான்தான் அதைத் தொட்டேன்.
பிழை நாயில் இல்லை.

அதில் கட்டியிருந்த சிவப்பு நூலும் போய்விட்டது,
நாலு விரல் நீளம் இருக்கும்.
அலுமாரிக்குள் யதுசாவின் வெள்ளைச் சட்டை,
பள்ளிக்கூட ரை, என் சம்பளச் சிட்டை.
உடைப்பமோ என்றார் பக்கத்து வளவுத் தவக்குமார்.
இன்னும் நாலு மாதக் கட்டுக்காசு கிடக்கிற கதவு.

மாங்குளத்து மிருக வைத்தியர்
எதையோ மென்றபடி போனில் சொன்னார்:
"உப்புத்தண்ணி பருக்காதேங்கோ.
விரலை விட்டு ஓங்காளிக்க வைக்காதேங்கோ.
படம் எடுக்கிறதெண்டால் யாழ்ப்பாணம் போகவேணும்.
சோறும் பூசணியும் குடுத்துப் பாருங்கோ.
சத்தி எடுத்தால், தின்னாமல் சுருண்டு படுத்தால்
உடனே கொண்டு வாங்கோ, இரவெண்டாலும்.
பின்பக்கம் நூல் தெரிஞ்சால் மட்டும்
இழுக்காதேங்கோ. குடலை அறுத்துப்போடும்."

நான் சிரித்துவிட்டேன்.
அவருக்கு விளங்கியிராது.
நூல் தெரிந்தால் இழுக்காதே:
கண்ணிவெடி எடுக்கிற வேலையில்
முதல் நாள் படிப்பித்தது அதைத்தான்.

செவ்வாய்க்கிழமை
வேலைத்தளம் மட்டும் பின்னால் வந்தது சோடா.
கருவி சோதிக்கிற இடத்தில் புஸ்பமலர்
அதன் வயிற்றுக்கு மேலே ஒருக்கால் பிடித்தாள்.
கத்தியது.
சோடா வாலை ஆட்டியது,
தன்னைப் புகழ்ந்ததாக நினைத்திருக்கும்.
மேற்பார்வையாளர் இரண்டு பேரையும் ஏசினார்.
பிறகு மெல்லக் கேட்டார்,
"எவ்வளவு ஆழம்?"

யதுசா கலர்ச் சட்டையோடு போனாள்.
நாய் விழுங்கிவிட்டது என்று கடிதம் கொடுத்துவிட்டேன்.
சட்டையையோ என்று கேட்டாவாம் ரீச்சர்.

மூன்றாம் நாள் விடிய,
பாலை மரத்தடியில் சோடா முக்கிக்கொண்டு நின்றது.
நூல் தெரிந்தது.
ஒரு விரற்கடை. பிறகு இரண்டு.
என் கை தன்பாட்டில் முன்னுக்குப் போய்
அந்தரத்தில் நின்றது.
குந்தி இருந்தேன்,
மண்ணுக்கு முன்னால் இருப்பது போல,
முழங்கால் நோகிறவரை.

அது தானாகவே விழுந்தது.
ஈர்க்கால் ஓரத்திலிருந்து
கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறினேன்.
எட்டு வருடத்தில் நான் தேடி எடுத்தவற்றில்
வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தது
இது ஒன்றுதான்.

டெற்றோல் போட்டு மூன்று தரம் கழுவினேன்.
பூட்டு கொஞ்சம் இறுக்கம், ஆனால் திறந்தது.
சட்டை மணக்குது என்கிறாள் யதுசா.
மணக்கவில்லை.
சோடா வாசலில் படுத்திருக்கிறது,
திறப்பை எங்கே வைக்கிறேன் என்று
பார்த்தபடி.